கல்முனையின் 81ஆம் இலக்கக் குழந்தை: ஓர் அடையாள உறுதிப்படுத்தலின் நிகழ்வு ஆய்வு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா தினம். காலை எட்டரை மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அம்பாறைக் கரையோரத்துக்குள் சுனாமியாகக் கடல் புகுந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில் என்று பொத்துவில் வரைக்கும் கடலோரத் தெருக்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. இலங்கையில் அதிகம் பேர் இறந்த மாவட்டம் அம்பாறை. இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல்.

அன்று கல்முனை வைத்தியசாலைக்கு ஓர் ஆண் கைக்குழந்தை கொண்டுவரப்பட்டது. இடிபாடுகளுக்கிடையில் உயிரோடு கிடந்த குழந்தை. பெயர் சொல்ல ஆளில்லை. அன்றைய அனுமதிப் பதிவில் 81ஆவது ஆள் என்பதால் அந்த இலக்கமே அதற்கு அடையாளமாயிற்று. ‘குழந்தை 81’ என்று பிறகு உலகப் பத்திரிகைகள் எழுதியது இந்தப் பிள்ளையைத்தான். 52 நாட்கள் கழித்து, 2005 பெப்ரவரி 16 அன்று, மரபணுச் சோதனையின் முடிவை ஏற்று நீதிமன்றம் குழந்தையைத் தாய் தகப்பனிடம் ஒப்படைத்தது.

உடலைக் கொண்டு ஆளை உறுதிசெய்யும் தொழில்நுட்பம் என்றால் கந்தோர் வாசலிலுள்ள விரல்ரேகை இயந்திரமும் முகம் பார்த்துத் திறக்கும் போனும்தான் இன்று நினைவுக்கு வருகின்றன. நம் பகுதியில் அது ஒரு குடும்பத்தின் வாழ்க்கையையே தீர்மானித்த வழக்கு இது. அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்த இளைஞர் என்பதால் குடும்பத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. சோதனை எப்படி வேலை செய்தது, எதனால் வேலை செய்தது, அதே கரையில் ஆயிரக்கணக்கான மற்றவர்களுக்கு ஏன் வேலை செய்யவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம்.

யார் சொல்லை நம்புவது

ஒன்பது தம்பதியர் குழந்தைக்கு உரிமை கோருகிறார்கள் என்று அன்றைய செய்திகள் சொல்லின. உலகம் முழுக்கப் பரவியதும் இந்த எண்தான். கடைசியில் நீதிமன்றத்தின் முன் முறைப்படி உரிமை கோரியது ஒரே ஒரு தம்பதிதான். மற்றவர்கள் வழக்காடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொரு வைத்தியசாலையாக, ஒவ்வொரு முகாமாகத் தேடி அலைந்த நாட்கள் அவை. உயிரோடு ஒரு குழந்தை இருக்கிறது என்று கேள்விப்பட்டால் யார்தான் ஓடிவந்து பார்க்கமாட்டார்கள்? வந்து பார்த்து, இது நம் பிள்ளையாக இருக்குமோ என்று ஏங்கியவர்களைப் பொய் உரிமை கோரியவர்களாகச் சேர்த்து எண்ணியது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

உரிமை கோரிய ஒரே தம்பதிக்கு உடனே பிள்ளையைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். வைத்தியசாலை அப்படிச் செய்யாதது சரி. பெற்றோர் என்று காட்ட அவர்களிடம் காகிதம் எதுவும் மிஞ்சவில்லை. பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் படம் எல்லாம் வீட்டோடு கடலுக்குப் போய்விட்டன. தாயின் கண் பொய் சொல்லாது என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் சில மாதக் குழந்தையின் முகம் வாரத்துக்கு வாரம் மாறும். காயமும் வீக்கமும் சேர்ந்தால் இன்னும் கஷ்டம். அதோடு, பிழையாக ஒப்படைத்துவிட்டால் இரண்டு குடும்பங்கள் கெடும்: ஒன்று வேறொருவர் பிள்ளையைத் தன் பிள்ளை என்று வளர்க்கும், மற்றது தன் பிள்ளை உயிரோடு இருப்பதே தெரியாமல் அழும்.

விரல்ரேகை ஏன் உதவவில்லை

கருவிலேயே, ஆறாம் மாதமளவில், விரல்ரேகையின் வடிவம் முடிவாகிவிடுகிறது. ஆகவே அந்தக் குழந்தையின் விரலிலும் தனக்கே உரிய ரேகை இருந்தது. எடுக்க முயன்றால் சிரமம்தான்: பச்சைக் குழந்தையின் ரேகைகள் மிக நெருக்கமானவை, தோல் மென்மையானது, பெரியவர்களுக்கென்று செய்த கருவி அதைச் சரியாகப் படிக்காது. ஆனால் உண்மையான தடை கருவியில் இல்லை. எடுத்தாலும் அதை எதனோடு ஒப்பிடுவது? பிறந்தபோது யாரும் அதன் ரேகையைப் பதிந்து வைக்கவில்லை.

அடையாள உறுதிப்படுத்தல் எல்லாமே இரண்டு பக்கங்களைக் கொண்டது. ஒரு பக்கம் இப்போது முன்னால் இருக்கும் உடல், மறுபக்கம் முன்னரே பதிந்து வைத்த ஒன்று. கந்தோரில் காலையில் விரல் வைக்கும்போது இயந்திரம் செய்வது, பதிவு நாளில் எடுத்த ரேகையின் புள்ளிகளோடு இன்றைய விரலை ஒப்பிடுவதுதான். ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று அந்தப் புள்ளிகளின் இடத்தைக் கணக்கிடும். போதுமான அளவு ஒத்துப்போனால் பச்சை விளக்கு. முதல்நாள் பதிவு இல்லையென்றால் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் ஊமை.

2004இல் நம்மிடம் இருந்த மறுபக்கம் மிகச் சிறியது. ஆட்பதிவுத் திணைக்களம் 1972 முதல் வழங்கிவந்த தேசிய அடையாள அட்டை பதினாறு வயது முடிந்தவர்களுக்குத்தான். அட்டையில் இருந்தது படமும் விபரங்களும். சிறுவர்களுக்கு ஒன்றுமே இல்லை. இரத்த வகையைப் பார்த்திருக்கலாமே என்றால், அது ‘இவர் பெற்றோராக இருக்கமுடியாது’ என்று சிலரை விலக்கத்தான் உதவும், ‘இவர்தான்’ என்று ஒருபோதும் சொல்லாது.

மரபணு மட்டும் இந்தத் தடையைத் தாண்டியது. அதற்குக் காரணம் எளிது. குழந்தையைப் பற்றிய பதிவு கடலில் போனாலும், பதிவின் இரண்டு பாதிகள் தாயின் உடம்பிலும் தகப்பனின் உடம்பிலும் அப்படியே இருந்தன. பெற்றோர்தான் ஆவணம்.

சோதனை எப்படிப் பேசுகிறது

நம் மரபணுவில் சில இடங்களில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள் உண்டு, ஒன்று தாயிடமிருந்து, மற்றது தகப்பனிடமிருந்து. ஒரு தாய்க்கு குறிப்பிட்ட இடத்தில் 12உம் 15உம் இருக்கிறது, தகப்பனுக்கு 9உம் 17உம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு 15உம் 9உம் இருந்தால் கணக்குச் சரி. 15உம் 11உம் இருந்தால், அந்த 11 இந்தத் தகப்பனிடமிருந்து வந்திருக்காது.

ஓர் இடம் ஒத்துப்போவது பெரிய விஷயமில்லை, ஊரில் பலருக்கு ஒத்துப்போகும். இரண்டு, மூன்று, நான்கு என்று இடங்களைக் கூட்டிக்கொண்டே போனால் தற்செயலாகப் பொருந்துகிறவர்கள் வேகமாகக் குறைவார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பொலிஸ் தரவுத்தளம் 13 இடங்களைப் பார்த்தது, 2017 முதல் 20 இடங்கள். தாய், தகப்பன், பிள்ளை மூவருடைய மாதிரியும் கிடைத்தால் ஆய்வுகூடம் மிக உறுதியாகப் பேசமுடியும். கல்முனை வழக்கில் மூவரும் இருந்தார்கள். சோதனையின் மிகப் பெரிய பலம் அதுதான்.

ஓர் இடத்தில் மட்டும் எண் பொருந்தாமல் போனால் உடனே ‘இவர் தகப்பனில்லை’ என்று சொல்லக்கூடாது. தலைமுறை மாறும்போது எப்போதாவது அந்த எண் ஒன்று கூடும், அல்லது ஒன்று குறையும். அதனால் பல இடங்களில் பொருந்தாமை தெரிந்தால்தான் ஆய்வுகூடங்கள் விலக்குகின்றன. நம் பக்கத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். மச்சான் மச்சாள் உறவில் கலியாணம் செய்வது கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பழக்கமானது. ஒரே ஊருக்குள், ஒரே சொந்தத்துக்குள் பல தலைமுறையாகக் கலியாணம் நடந்தால் பலருக்குச் சில எண்கள் பொதுவாக இருக்கும். பிள்ளையின் உண்மையான தகப்பன் இறந்து, அவருடைய தம்பி வந்து நின்றால், பல இடங்களில் தம்பியும் பொருந்துவார். ஆகவே முடிவைச் சொல்லும்போது ‘பொருந்துகிறது’ என்பதோடு நிறுத்தாமல், இந்த மக்களுக்குள் வேறொருவர் தற்செயலாக இப்படிப் பொருந்த எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கையும் கொடுக்கவேண்டும். அந்தக் கணக்கு இல்லாத மரபணு அறிக்கையை நான் பாதி அறிக்கையாகத்தான் பார்ப்பேன்.

இந்த வழக்கில் மாதிரிகள் கொழும்பில் பெப்ரவரி 9 அன்று எடுக்கப்பட்டன. ஐந்து நாட்களில், 14ஆம் திகதி, கல்முனை நீதிமன்றத்தில் முடிவு அறிவிக்கப்பட்டது: உரிமை கோரியவர்களே பெற்றோர். 16ஆம் திகதி குழந்தை அவர்கள் கைக்கு வந்தது.

இந்தத் திகதிகளைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். விஞ்ஞானத்துக்கு எடுத்தது ஐந்து நாள். அதற்கு முன் போனது ஆறு வாரத்துக்கும் மேல். தன் பிள்ளை பக்கத்து வைத்தியசாலையில் இருக்கிறது, தூக்கிப் பால் கொடுக்க முடியாது என்ற நிலையில் ஒரு தாய் ஆறு வாரம் காத்திருப்பது சாதாரண விஷயமில்லை. சோதனை செய்யவேண்டும் என்று முதல் வாரத்திலேயே முடிவெடுக்கும் ஒழுங்கு மாவட்டத்தில் இருந்திருந்தால் ஜனவரி நடுப்பகுதியில் பிள்ளை வீட்டில் இருந்திருக்கும். அன்றைய குழப்பத்தில் ஒருவரையும் குறை சொல்லமுடியாது. ஆனால் அடுத்த தடவைக்கு அந்தச் சாக்கு செல்லாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். முடிவை ஊர் ஏற்றுக்கொண்டதற்கு ஆய்வுகூடம் மட்டும் காரணமில்லை. வைத்தியசாலையில் சேர்ந்த நாளிலிருந்து குழந்தை ஓர் இலக்கத்தின் கீழ், ஒரே பொறுப்பில் இருந்தது. சோதனைக்கு உத்தரவிட்டது நீதிமன்றம், முடிவு வாசிக்கப்பட்டதும் திறந்த நீதிமன்றத்தில். யாரோ தனியாக மாதிரி எடுத்த இரண்டு பஞ்சுக் குச்சியைக் கொழும்புக்கு அனுப்பி, ‘பொருந்துகிறதாம்’ என்று வந்து சொல்லியிருந்தால் இன்றைக்கும் ஊர் இரண்டாக நின்று பேசும்.

இலக்கம் கிடைக்காதவர்கள்

அதே வாரத்தில் அதே கரையில் ஆயிரக்கணக்கானோர் அடையாளம் காணப்படாமல் புதைக்கப்பட்டார்கள். காரைதீவிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் மக்கள் தங்கள் கையாலேயே குழி தோண்டி அடக்கினார்கள். மின்சாரம் இல்லை, குளிரூட்டி இல்லை, வெயிலில் உடல்கள் ஒன்றிரண்டு நாளிலேயே முகம் தெரியாமல் மாறின. தொற்றுநோய் வந்துவிடும் என்ற பயம் எல்லாரிடமும் இருந்தது. தாமதிக்காமல் அடக்கம் செய்வது முஸ்லிம்களுக்கு மார்க்கக் கடமையும் கூட. அந்த மனிதர்கள் செய்தது பெரிய காரியம்.

தெரிந்திருக்கவேண்டிய இரண்டு விஷயங்கள் அன்று நமக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒன்று, வெள்ளத்திலோ அலையிலோ அடிபட்டு இறந்தவர்களின் உடலால் கொள்ளைநோய் கிளம்புவதில்லை. உலக சுகாதார அமைப்பும் செஞ்சிலுவைச் சங்கமும் இதைத் தெளிவாகச் சொல்லிவருகின்றன. குடிதண்ணீரில் கலக்காமல் பார்த்துக்கொண்டால் ஒரு நாள் தாமதிப்பதில் ஊருக்கு ஆபத்தில்லை. இரண்டாவது, அடக்கம் செய்வதற்கு முன் செய்யக்கூடிய வேலை மிகக் கொஞ்சம். உடலுக்கு ஓர் இலக்கம், அந்த இலக்கம் தெரியும்படி முகத்தையும் உடுப்பையும் நகையையும் ஒரு படம், முடிந்தால் ஒரு பல் அல்லது மாதிரி, குழியில் எந்த இடத்தில் வைத்தோம் என்ற குறிப்பு. 81 என்ற எண் ஒரு குழந்தையைக் காப்பாற்றியது போல, ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எண் இருந்திருந்தால் பின்னர் எத்தனையோ வீடுகளுக்குப் பதில் கிடைத்திருக்கும்.

அதே சுனாமியில் தாய்லாந்தில் நடந்ததோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே இறந்தவர்கள் 5,000க்கும் மேல், ஏறக்குறையப் பாதிப்பேர் வெளிநாட்டவர். புக்கெட்டில் ஒரு நிலையம் அமைத்து, ஏறத்தாழ முப்பது நாடுகளின் நிபுணர்கள் சர்வதேசப் பொலிஸ் அமைப்பான இன்டர்போலின் முறைப்படி வேலை செய்தார்கள். கண்ணால் பார்த்து ‘இவர்தான்’ என்று சொல்வதை அந்த முறை போதுமான சான்றாக ஏற்பதில்லை. பல், விரல்ரேகை, மரபணு ஆகிய மூன்றில் ஒன்றாவது பொருந்தவேண்டும். ஐரோப்பியர்களைப் பெரும்பாலும் பல்லை வைத்துக் கண்டுபிடித்தார்கள், ஏனென்றால் அவர்கள் ஊரில் பல் வைத்தியரிடம் எக்ஸ்ரே இருந்தது. தாய்லாந்துக்காரர்கள் பலருக்கு விரல்ரேகை கைகொடுத்தது, அடையாள அட்டைக்காக எடுத்த பெருவிரல் பதிவு அரசிடம் இருந்ததால்.

யாருக்கு முன்பதிவு இருந்ததோ அவர்களுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. பணமும் நிபுணர்களும் அங்கே நிறைய இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பதிவில்லாமல் அவர்களாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

நம் மக்களுக்குச் சட்டம் ஒரு வழி செய்தது. உடல் கிடைக்காதவர்களின் மரணத்தைச் சத்தியக்கூற்றின் பேரில் பதிவதற்கு 2005இல் தனியாகச் சட்டம் வந்தது. சொத்து மாற்றவும் வங்கியில் பணம் எடுக்கவும் அந்தச் சான்றிதழ் தேவைப்பட்டது, உதவியது. ஆனால் அது எழுத்திலிருந்து வந்த மரணம். அதனால்தான், பிள்ளை எங்கோ உயிரோடு வளர்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் தாய்மார் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் ‘இல்லை’ என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் எதுவுமில்லை.

மட்டக்களப்பில் இப்போது செய்யக்கூடியது

இலங்கையில் ஒவ்வொருவருடைய விரல்ரேகை, கருவிழி, முகம் மூன்றையும் எடுத்து ஒரு டிஜிட்டல் அடையாளம் கொடுக்கும் திட்டம் இந்திய நிதியுதவியோடு முன்னெடுக்கப்படுகிறது. அது வந்தால், பேரிடரில் இறக்கும் ஒரு பெரியவரை அடையாளம் காண்பதற்கு நம்மிடம் முதல் தடவையாக ஒரு முழு மறுபக்கம் இருக்கும். அந்த வகையில் அதை வரவேற்கிறேன். யார் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பது கறாராக இல்லாவிட்டால் கண்காணிப்புக்கும் அது கருவியாகும். ஒரு காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்ற மக்கள் நாம், இந்தக் கவலையை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடலடையாளத் தரவையும் மரபணுத் தரவையும் விசேட வகையாகப் பிரித்துப் பாதுகாப்புக் கேட்கிறது. அந்தச் சட்டம் நடைமுறையில் பல் உள்ளதாக இருக்கவேண்டும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. 1990 செப்டம்பரில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பவில்லை. அதே ஆண்டு ஜூலையில் குருக்கள்மடத்தில் வைத்துக் கடத்தப்பட்ட முஸ்லிம் பயணிகள் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். இப்படி இன்னும் எத்தனையோ. என்றாவது ஒரு நாள் ஒரு குழி தோண்டப்பட்டு எலும்பு வெளியே வந்தால், அந்த எலும்பின் மறுபக்கம் எது? கல்முனைக் குழந்தைக்கு இருந்தது போலத் தாயும் தகப்பனும்தான். 1990இல் நாற்பது வயதாக இருந்த தாய்க்கு இன்று எழுபத்தைந்து வயதளவில். அவர் இறந்தால் ஆவணத்தில் பாதி இறக்கிறது.

மாதிரி எடுப்பது கடினமில்லை. விரல் நுனியிலிருந்து இரண்டு சொட்டு இரத்தத்தைத் தனி வகைக் காகிதத்தில் விட்டுக் காயவைத்தால் போதும், குளிரூட்டி இல்லாமலே பல வருடம் கெடாது. தாய், தகப்பன் இருவரும் இல்லையென்றால் கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள். இந்த இடத்தில் மட்டக்களப்பின் குடிமுறை, அதாவது தாய்வழியில் எண்ணும் குலமுறை, பெரிய உதவி. தாய்வழி மரபணு என்று ஒன்று உண்டு, அது தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்குப் போகும். பெரியம்மா, சின்னம்மா, அவர்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் அது ஒன்றே. நம்மவர்கள் குடியையும், அதற்குள் வரும் தாய்வழிக் கிளையான வயிற்றுவாரையும் எண்ணும் வழியும் இதே வழிதான். தாய்வழியில் யார் யாருக்கு என்ன முறை என்று நான்கு தலைமுறைக்குச் சொல்லக்கூடிய முதியவர்கள் படுவான்கரையில் இன்னும் இருக்கிறார்கள். பழைய எலும்பில் மற்ற மரபணு சிதைந்துபோனாலும் தாய்வழி மரபணு பெரும்பாலும் மிஞ்சும். ஆனால் ஒரே வயிற்றுவாரில் பலர் ஒன்றாகக் காணாமற்போன கிராமத்தில் அது மட்டும் போதாது. அவர்களுக்குள் யார் என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. அதனால்தான் உயிரோடிருக்கும் பெற்றோரின் மாதிரி முதலில் வேண்டும்.

பொஸ்னியாவில் இதைச் செய்து காட்டினார்கள். குடும்பத்தாரின் இரத்த மாதிரிகளை முன்கூட்டியே பெருந்தொகையாகச் சேர்த்தார்கள். 1995இல் ஸ்ரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்ட எண்ணாயிரம் பேரளவில் ஏழாயிரத்தை நெருங்கியவர்களுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. எலும்புகள் பல குழிகளில் சிதறிக் கலந்திருந்த நிலையிலும் அது முடிந்தது.

2016ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. நம்பிக்கை இல்லை என்று பல குடும்பங்கள் அதன் வாசல் மிதிப்பதில்லை. அவர்கள் காரணம் நியாயமானது, நானும் அதை மறுக்கமாட்டேன். மாதிரியை அந்த அலுவலகமே வைத்திருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. கல்முனையில் நடந்தது போல நீதிமன்றத்தின் பொறுப்பில் எடுத்து, ஒரு பிரதி நாட்டுக்கு வெளியே நடுநிலையான ஓர் ஆய்வுகூடத்திலும், எழுத்துமூல ஒப்புதலின் நகல் குடும்பத்தின் கையிலும் இருக்கும்படி செய்யலாம். கேட்கப்பட்ட நோக்கம் தவிர வேறெதற்கும் பயன்படாது, குடும்பம் கேட்டால் அழிக்கப்படும் என்று அந்த ஒப்புதலிலேயே எழுதலாம். சட்டத்தரணிகள், குடும்பங்களின் சங்கங்கள், பள்ளிவாசல் சம்மேளனங்கள், கோயில் நிர்வாகங்கள் ஒன்றாக நின்று நீதிமன்றத்தில் இதைக் கேட்டால் கொழும்பு தீர்மானிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எழுபது வயது தாண்டிய தாய்மாரிடமிருந்து தொடங்கவேண்டும், அவர்களில் நோயாளிகளை முதலில் பார்க்கவேண்டும். பேத்தாழையிலோ, கொக்கட்டிச்சோலையிலோ, ஏறாவூரிலோ நடக்கமுடியாமல் படுத்திருப்பவர்களின் வீட்டுக்கே ஆள் போய் எடுக்கவேண்டும்.